சுயவிபரக் கோவை: தகைமை இருந்தும் தவறிப்போகும் வாய்ப்புகள்

ஞாயிறு பத்திரிகைகளின் வேலைவாய்ப்புப் பக்கங்களை ஆவலுடன் புரட்டும் இளைஞர், யுவதிகளின் தொகை எமது நாட்டில் எக்காலத்திலும் குறைந்ததில்லை. இன்று அப்பக்கங்களுடன் இணையத்தளங்களும் கைத்தொலைபேசித் திரைகளும் சேர்ந்துகொண்டுள்ளன. ஒரு வெற்றிடத்துக்கு நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிப்பதும், அவர்களுள் பத்துப் பதினைந்து பேர் மாத்திரமே நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்படுவதும் வழமையாகிவிட்டது. அழைக்கப்படாதோர் அனைவரும் தகைமையற்றவர்கள் என எண்ணிவிடலாகாது. தாம் யார், தம்மால் எதைச் செய்ய முடியும் என்பதைக் காகிதத்தில் சொல்லத் தவறியதனாலேயே கணிசமானோர் முதற் கட்டத்தில் ஒதுக்கப்படுகின்றனர்.

எமது நாட்டில் சுயவிபரக் கோவைக்கென ஒரு நிலையான வார்ப்பு உண்டு. முதலெழுத்துகளுடன் பெயர், முழுப்பெயர், நிரந்தர முகவரி, பிறந்த திகதி, தேசிய அடையாள அட்டை இலக்கம், பால், சிவில் நிலை, மதம், கற்ற பாடசாலை என அது ஆரம்பிக்கும். பின்னர் க.பொ.த. சாதாரண தரத்தின் ஒன்பது பாடங்களும் ஒன்பது வரிகளில் இடம்பெறும். உயர்தரப் பெறுபேறுகள், விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ்கள் என்பவற்றைக் கடந்து, உறவினரல்லாத இருவரின் பெயர்களுடனும் ‘மேற்கூறிய விபரங்கள் யாவும் நானறிந்த வரையில் உண்மையானவை’ என்ற உறுதிமொழியுடனும் அது முடிவடையும். அரசாங்க விண்ணப்பப் படிவத்தின் சாயல் இதில் அப்படியே உள்ளது. அரச பதவிக்கு அது பொருந்தும். ஆனால், கணக்குப் பிரிவு உதவியாளர் ஒருவரைத் தேடும் தனியார் நிறுவனம் அவருக்குக் கணக்கு வருமா என்பதை அறிவதற்கு இரண்டாம் பக்கத்தின் அடிவரை காத்திருக்க வேண்டியுள்ளது. அவ்வளவு தூரம் எவரும் வாசிப்பதில்லை. அமெரிக்க வேலைவாய்ப்பு இணையத்தளம் ஒன்று 2012 ஆம் ஆண்டில் ஆட்சேர்ப்பாளர்களின் கண் அசைவைப் பதிவுசெய்து பார்த்தபோது, முதற் பார்வைக்கு அவர்கள் செலவிட்ட நேரம் சுமார் 6 விநாடிகள் எனக் கூறியது. ஒரு நிறுவனம் தன் வியாபாரத்துக்காக நடத்திய சிறிய ஆய்வின் கணக்கை வேதவாக்காகக் கொள்ளத் தேவையில்லை. எனினும், நூறு கோவைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிற்பகலில் தெரிவு செய்ய முயன்ற எவருக்கும் அது வெகு தூரத்தில் இல்லை என்பது புரியும்.

இவ்வார்ப்பு பரவியதற்கு ஊருக்கு ஊர் உள்ள தொடர்பாடல் நிலையங்களும் ஒரு காரணமாகும். அங்கு கணனியில் ஏற்கனவே இருக்கும் ஒருவரது கோவையின் மேல் அடுத்தவரது விபரங்கள் தட்டச்சு செய்யப்படுகின்றன. அவசரத்தில் முன்னையவரின் பொழுதுபோக்கோ, அவருக்குச் சான்று கூறிய அதிபரின் பெயரோ அழிக்கப்படாமல் தங்கிவிடுவதுண்டு. ஆண் விண்ணப்பதாரி ஒருவர் தமது பாடசாலையாக மகளிர் கல்லூரி ஒன்றைக் குறிப்பிட்டிருந்த கோவையை இக்கட்டுரையாளர் கண்டிருக்கின்றார். தட்டச்சு செய்பவரைக் குறைகூறிப் பயனில்லை. கையொப்பமிட்டவர் விண்ணப்பதாரியே.

பெயரிலிருந்து ஆரம்பிப்போம். தமிழ், முஸ்லிம் விண்ணப்பதாரிகளுக்கே உரித்தான சிக்கல் இங்குதான் உள்ளது. தமிழில் எழுதப்பட்ட பிறப்புச் சான்றிதழின் பெயர் ஆங்கிலத்துக்கு மாறும்போது, பாடசாலை ஒரு விதமாகவும், பரீட்சை விண்ணப்பம் இன்னொரு விதமாகவும், அடையாள அட்டை மூன்றாவது விதமாகவும் எழுதிவிடுகின்றன. ‘ஈஸ்வரன்’ என்பதில் வருவது ‘வி’ எழுத்தா ‘டபிள்யூ’ எழுத்தா, ‘ழ’கரத்துக்கு ‘எல்’ போடுவதா ‘இஸட்’டும் ‘எச்’சும் சேர்ப்பதா என்பதில் ஒழுங்கில்லை. ‘முஹம்மத்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டால், முதலுயிர் ‘ஓ’வா ‘யூ’வா, நடுவில் ‘எம்’ ஒன்றா இரண்டா, இறுதியில் ‘ஈ’யா ‘ஏ’யா என்பதைப் பொறுத்து ஒரே குடும்பத்துச் சகோதரர்களே வெவ்வேறு விதமாக எழுதுகின்றனர். வாசிப்பவருக்கு இது சிறு விடயமாகத் தோன்றலாம். ஆயினும் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் உத்தியோகத்தருக்கும், வெளிநாட்டு விசா அதிகாரிக்கும் இவை இரு வேறு நபர்கள்.

இதற்குச் செய்யவேண்டியது, கோவையில் ஒரே எழுத்துக்கூட்டலை மாத்திரம் பயன்படுத்துவதாகும். உள்நாட்டு வேலைக்கு அடையாள அட்டையில் உள்ளதையும், வெளிநாட்டு வேலைக்குக் கடவுச்சீட்டில் உள்ளதையும் பின்பற்றுவது பாதுகாப்பானது. சான்றிதழில் வேறு விதமாக இருப்பின், இரு பெயர்களுக்கும் உரியவர் ஒருவரே என்பதற்குச் சமாதான நீதவானின் முன்னிலையில் பெற்ற சத்தியக்கடதாசி ஒன்றைத் தயாராக வைத்திருத்தல் வேண்டும். திருமணத்தின் பின்னர் தந்தையின் முதலெழுத்தை விடுத்துக் கணவரின் முதலெழுத்தைச் சேர்த்துக்கொள்ளும் பெண்களின் நிலையும் இதுவே. பட்டச் சான்றிதழ் ஒரு முதலெழுத்திலும் கோவை இன்னொரு முதலெழுத்திலும் இருக்கும். சான்றிதழ்களில் உள்ள பெயரையும் அடைப்புக்குறிக்குள் ஒருமுறை குறிப்பிட்டுவிட்டால், விவாகச் சான்றிதழின் பிரதி மிகுதியைச் சொல்லிவிடும்.

அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றியும் ஒரு விடயம். பழைய இலக்கம் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. 2016 முதல் வழங்கப்படுவது பன்னிரண்டு எண்கள் கொண்டது. இரண்டிலும் பிறந்த ஆண்டும், அவ்வாண்டில் பிறந்த நாளின் வரிசை எண்ணும் அடங்கியுள்ளன. பெண்களுக்கு அவ்வெண்ணுடன் 500 கூட்டப்படுகின்றது. 2000 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆணின் புதிய இலக்கம் 2000001 எனவும், அதே நாளில் பிறந்த பெண்ணின் இலக்கம் 2000501 எனவும் ஆரம்பிக்கும். ஆகவே, கோவையில் எழுதும் பிறந்த திகதி அட்டையின் இலக்கத்துடன் முரண்படுமாயின் அனுபவமுள்ள எழுதுவினைஞர் அதை ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். வயதை ஓரிரு ஆண்டுகள் குறைத்து எழுதுவோர் இதனை நினைவிற்கொள்வது நல்லது. மறுபுறத்தில், இவ்வளவு தகவலைச் சொல்லும் இலக்கத்தை முன்பின் அறியாத இணையத்தளங்களில் ஏற்றும் கோவையிலும் சேர்ப்பது விவேகமல்ல. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்ட நாடு இது. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த பின்னர் இலக்கத்தைக் கொடுத்தால் போதுமானது.

அடுத்தது பரீட்சை ஆண்டு. 2021 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022 ஆம் ஆண்டுக்குரியது 2023 ஜனவரி, பெப்ரவரியிலும் நடைபெற்றன. தாம் மண்டபத்தில் அமர்ந்த ஆண்டைச் சிலர் எழுதுகின்றனர். சான்றிதழோ வேறு ஆண்டைக் காட்டுகின்றது. சான்றிதழில் உள்ளதையே எழுத வேண்டும். பட்டங்களிலும் இதே கவனம் தேவை. வெளிவாரிப் பட்டத்தை உள்வாரிப் பட்டம் போன்று தோன்றச் செய்வதும், கணக்கியல் தொழிற்பரீட்சையில் இரு கட்டங்களை மாத்திரம் முடித்துவிட்டு அப்பட்டயத்தின் பெயரைத் தலைப்பாகப் போடுவதும் அடிக்கடி காணக்கூடியவை. ‘இரண்டாம் கட்டம் நிறைவு, மூன்றாம் கட்டத்துக்குத் தோற்றவுள்ளேன்’ என்று எழுதுவதில் எந்தத் தாழ்வும் இல்லை. மறைக்கப்பட்டது நேர்முகப் பரீட்சையில் வெளிப்படும்போதுதான் தாழ்வு ஏற்படுகின்றது.

இனி, எமது மக்களில் பலரைத் தடுமாறச் செய்யும் விடயத்துக்கு வருவோம். அதுதான் ஆண்டுகளின் இடைவெளி. சுயவிபரக் கோவை பற்றிய மேலைத்தேய நூல்கள் இதனை ஏதோ விடுமுறையில் சென்றவர்களின் பிரச்சினையாகவே நோக்குகின்றன. வன்னியில் 2007 இற்கும் 2009 இற்கும் இடையில் பாடசாலைப் பருவத்தில் இருந்தவருக்கு இடைவெளி என்பது வேறு. 2004 டிசம்பர் 26 இல் அம்பாறை, மட்டக்களப்புக் கரையோரங்களில் வீட்டையும் சான்றிதழ்களையும் ஒன்றாக இழந்தவருக்கு அது வேறு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்த முஸ்லிம் குடும்பத்தின் பிள்ளைக்கு ‘நிரந்தர முகவரி’ என்ற வரியே ஒரு வினாவாகும்.

இவர்களில் பலர் அந்த ஆண்டுகளை வெறுமையாக விட்டுவிடுகின்றனர். சிலர் ஆண்டுகளை நீட்டி, ஒரு பாடசாலையில் அதிக காலம் கற்றதாகவோ, ஒரு கடையில் அதிக காலம் பணியாற்றியதாகவோ காட்டி மூடிவிடுகின்றனர். இரண்டும் தவறு. வெறுமையை வாசிப்பவர் தமக்குத் தோன்றியவாறு நிரப்பிக்கொள்வார். நீட்டப்பட்டதோ முன்னைய பணியிடத்துக்கு எடுக்கப்படும் ஒரு தொலைபேசி அழைப்பில் அறுந்துவிடும். முழுக் கதையையும் அங்கு எழுத வேண்டுமென்பதில்லை. ‘2008 - 2010: இடம்பெயர்வு காரணமாகக் கல்வி தடைப்பட்டது, 2011 இல் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரத்துக்குத் தோற்றினேன்’ என்ற ஒரு வரி போதுமானது. அந்த வரியில் இரக்கம் கோரும் தொனி இருக்கக்கூடாது. இழப்பைச் சொல்லும் முதற் பகுதியை விட, மீண்டும் எழுந்ததைச் சொல்லும் இரண்டாம் பகுதியே வேலை தருபவருக்கு வேண்டியது. தாய், தந்தையரைப் பராமரித்த ஆண்டுகளுக்கும், குழந்தை வளர்ப்புக்காகப் பணியை விட்ட பெண்களுக்கும் இவ்வாறே ஒரு வரி எழுதலாம்.

முகவரியைப் பொறுத்தவரையில், தற்போது கடிதம் கிடைக்கும் முகவரியே முதலில் வேண்டும். மாகாண, மாவட்ட வதிவிட நிபந்தனை உள்ள அரச பதவிகளுக்கு மாத்திரம் நிரந்தர வதிவிடத்தை நிரூபிக்க வேண்டியிருக்கும். அங்கு வாக்காளர் பதிவும் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் பேசும். அழிந்துபோன சான்றிதழ்களைப் பற்றிக் கவலைப்படுவோர், பரீட்சைகள் திணைக்களத்திடம் உறுதிப்படுத்தப்பட்ட பெறுபேற்றுப் பிரதியைப் பெற முடியும். இதற்கு இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம். சுட்டெண் மறந்துபோயிருந்தால் பாடசாலை அதிபரின் பதிவேட்டிலிருந்து அதனைத் தேடி எடுக்க வாய்ப்புண்டு. விளம்பரம் வந்த பின்னர் இதற்கு ஓடுவதை விட இப்போதே செய்துகொள்வது நன்று.

மௌலவிக் கற்கையை முடித்த இளைஞர்களின் கோவைகளில் இன்னொரு வகை வெறுமை காணப்படுகின்றது. அரபுக் கல்லூரியில் கழித்த ஆறு, ஏழு ஆண்டுகள் தனியார் துறைக்குப் பொருத்தமற்றவை என்று தாமே தீர்மானித்து அவர்கள் அவற்றை எழுதாமல் விடுகின்றனர். அரபு மொழியில் வாசிக்கவும் எழுதவும் பேசவும் முடிந்த ஒருவர், வளைகுடா நாடுகளுடன் வர்த்தகம் செய்யும் நிறுவனத்துக்கும் பயண முகவர் நிலையத்துக்கும் எவ்வளவு பயன்படுவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இங்கும் அளவு வேண்டும். திருக்குர்ஆனை ஓதத் தெரிவது வேறு, அரபு மொழியில் வணிகக் கடிதம் எழுதத் தெரிவது வேறு. சிங்களத்துக்கும் இதுவே பொருந்தும். ‘மும்மொழியிலும் தேர்ச்சி’ என்ற சொற்றொடர் எமது கோவைகளில் அளவுக்கு மிஞ்சிப் புழங்குகின்றது. ஒவ்வொரு மொழியிலும் பேச்சு, வாசிப்பு, எழுத்து ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிப்பிடுவதே நேர்மையானது. சிங்களத்தில் நன்கு பேசுவார், எழுத மாட்டார் என்பதை முன்கூட்டியே அறிந்த நிறுவனம் அதற்கேற்ற பணியை வழங்கும். எழுதுவார் என நம்பி எடுத்துவிட்டு முதல் நாளிலேயே ஏமாறும் நிறுவனம் மன்னிப்பதில்லை.

கோவையின் உயிர்நாடி அனுபவப் பகுதியாகும். ‘கடையில் காசாளராகப் பணியாற்றினேன்’ என்று ஒருவர் எழுதுகின்றார். அவரிடம் சற்று விசாரித்தால், இரும்புப் பொருட்கள் விற்கும் கடையில் நான்கு ஆண்டுகள் இருந்தார், நாளாந்தம் இருநூறு பற்றுச்சீட்டுகள் வரை எழுதினார், கையெழுத்துப் பேரேட்டில் இருந்த கடன் கணக்குகளைக் கணனிக்கு மாற்றியவர் அவரே, மாத இறுதியில் வங்கிக் கணக்குடன் இணக்கம் பார்த்தவரும் அவரே என்பது தெரியவரும். இவற்றில் ஒன்றேனும் காகிதத்தில் இல்லை. பதவியின் பெயரை எழுதிவிட்டால் வேலை விளங்கிவிடும் என்ற எண்ணமும், தன்னைப் பற்றித் தானே சொல்வது தற்பெருமை என்ற கூச்சமும் இதற்குக் காரணங்கள். செய்ததைச் செய்ததாகச் சொல்வது தற்பெருமையாகாது. ‘கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவாக இயங்கக்கூடியவர்’ என்று அடுக்குவதுதான் வெறும் புகழ்ச்சி. அவற்றை எவரும் தம்மைப் பற்றி எழுதிக்கொள்ளலாம். இருநூறு பற்றுச்சீட்டுகளை எல்லோராலும் எழுத முடியாது.

வரலாற்றிலும் இதற்கொரு முன்மாதிரி உண்டு. இத்தாலிய ஓவியர் லியனார்டோ டா வின்சி 1480 களின் ஆரம்பத்தில் மிலான் நகரின் ஆட்சியாளரான லுடோவிகோ ஸ்போர்சாவிடம் பணி வேண்டி வரைந்த கடிதத்தை உலகின் முதலாவது சுயவிபரக் கோவை எனச் சொல்வோர் உண்டு. அதில் அவர் எளிதில் நகர்த்தக்கூடிய பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள் எனத் தம்மால் ஆக்கக்கூடியவற்றை எண்ணிட்டு அடுக்கிச் செல்கின்றார். தமக்கு ஓவியமும் வரும் என்பதைக் கடைசியில்தான் குறிப்பிடுகின்றார். அப்போது போர்களுக்கு ஆயத்தமாக வேண்டியிருந்த ஆட்சியாளருக்குத் தேவைப்பட்டவர் பொறியியலாளர் என்பதை அவர் அறிந்திருந்தார். விளம்பரத்தை இரண்டு முறை வாசித்து, அது கேட்பதை முதற் பக்கத்தின் மேற்பாதியில் வைப்பது அதே முறைதான். பத்து நிறுவனங்களுக்கு ஒரே கோவையைப் பிரதி எடுத்து அனுப்பும் வழக்கத்தால் அது இயலாது.

பள்ளிப் படிப்புக் குறைந்த தொழிலாளர் தமக்குக் கோவை எழுத எதுவுமில்லை என எண்ணுவதும் தவறாகும். தேசிய தொழிற்றகைமை எனப்படும் என்.வி.கியூ. ஏழு மட்டங்களைக் கொண்டது. வகுப்பறையில் கற்காது வேலையிலேயே தொழிலைக் கற்றுக்கொண்ட மேசன், மின்னிணைப்பாளர், தையற்காரர் போன்றோரும் தமது திறனை மதிப்பீட்டுக்கு உட்படுத்தி அச்சான்றிதழைப் பெற வழியுண்டு. மத்திய கிழக்கு செல்ல விரும்புவோருக்கு அது பெறுமதி மிக்கது. அங்கு செல்வோரின் கோவைகளை முகவர்களே ‘திருத்தி’ விடுவதும், இரண்டு ஆண்டு அனுபவம் எட்டாக மாறுவதும் நாமறியாததல்ல. அங்கு தொழிற்பரீட்சையில் தோற்றுத் திருப்பி அனுப்பப்படுபவர் முகவர் அல்லர், கடன்பட்டுப் போனவரே. தமது பெயரில் அனுப்பப்படும் கோவையின் பிரதியைக் கேட்டு வாங்கி வாசிப்பதும், முகவர் நிலையத்தின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிப்பதும் அவர்களது உரிமையாகும்.

மதம், இனம், திருமணம், புகைப்படம் ஆகியவற்றைச் சேர்ப்பதா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். வளைகுடாவில் புகைப்படமும் தேசிய இனமும் எதிர்பார்க்கப்படுகின்றன. பிரித்தானியாவில் 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வயது, பால், மதம், இனம் முதலியவற்றின் அடிப்படையில் பாரபட்சம் காட்டுவதைத் தடை செய்கின்றது. அங்கு அவற்றைக் கோவையில் எழுதுவது வழக்கமில்லை. எமது அரசியலமைப்பின் 12 ஆவது உறுப்புரையும் இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகப் பாரபட்சம் காட்டப்படலாகாது என்கின்றது. எனினும் அதன் கீழ் அடிப்படை உரிமை வழக்குத் தொடரக்கூடியது அரச நிர்வாகச் செயல்களுக்கு எதிராகவே; தனியார் நிறுவனத்தின் தெரிவுப் பட்டியலை அது எட்டுவதில்லை.

மதத்தை எழுதாவிட்டாலும் பெயர் சொல்லிவிடுமே என்று கேட்போரின் கேள்வியில் நியாயமுண்டு. 2004 இல் வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வொன்றில், பொஸ்டன், சிக்காகோ நகரங்களில் ஒரே தரமான கோவைகள் வெவ்வேறு பெயர்களில் அனுப்பப்பட்டன. வெள்ளையருக்குரிய பெயரில் பத்துக் கோவைகளுக்கு ஓர் அழைப்புக் கிடைத்தபோது, கறுப்பினத்தவருக்குரிய பெயரில் அதே ஓர் அழைப்புக்குப் பதினைந்து கோவைகள் தேவைப்பட்டன. பெயரைச் சுருக்கி மறைக்குமாறு ஆலோசனை கூறுவோர் இங்கும் உள்ளனர். அது எம்மால் ஏற்கக்கூடியதல்ல. குற்றம் பெயரில் இல்லை. ஆனால் விளம்பரம் கேட்காத நிலையில் மதம், இனம், சிவில் நிலை ஆகியவற்றுக்கு மூன்று வரிகளைச் செலவிட வேண்டிய கட்டாயமும் எவருக்கும் இல்லை. அவ்விடத்தில் ஒரு திறமையை எழுதலாம்.

அரச பதவிகளுக்கு இவற்றில் பெரும்பகுதி பொருந்தாது. வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் வர்த்தமானி, ஏ4 தாளில் எந்த இலக்கமுடைய விடயங்கள் முதற் பக்கத்தில் வரவேண்டும் என்பதையே குறிப்பிட்டுவிடும். கடித உறையின் இடதுபக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதுதல், பதிவுத் தபாலில் அனுப்புதல், கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்துதல், ஏற்கனவே அரச சேவையில் உள்ளவர் திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்புதல் ஆகியவற்றில் ஒன்று தவறினாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அங்கு அழகைக் காட்டிலும் கீழ்ப்படிவே முக்கியம்.

கணனி சம்பந்தப்பட்ட தவறுகள் சில உள. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்க் கோவை, அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் ஆங்கில எழுத்துகள் சிதறிய புதிராகவே தெரியும். யுனிகோட் எழுத்துருவில் அமைத்து, பீ.டி.எப். கோப்பாக மாற்றி அனுப்புவதே நன்று. பெரிய நிறுவனங்களில் மென்பொருளே முதலில் வாசிப்பதால், படமாக ஒட்டப்பட்ட எழுத்துகளும் அலங்காரப் பெட்டிகளும் அதன் பார்வைக்குத் தப்பிவிடக்கூடும். கோப்புக்கு ‘புதியது 2’ என்று பெயரிடாமல் தமது பெயரையே இட வேண்டும். பாடசாலைக் காலத்தில் நண்பர்களுக்காக உருவாக்கிய வேடிக்கையான மின்னஞ்சல் முகவரியைக் கைவிடுவதற்குச் செலவு எதுவுமில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நொடியில் எழுதித் தரும் கோவைகள் இப்போது குவிகின்றன. எழுத்துப்பிழை பார்க்க அவை உதவும். ஆனால் விண்ணப்பதாரியால் உச்சரிக்கவே முடியாத ஆங்கிலச் சொற்களுடன் வரும் கோவை, நேர்முகப் பரீட்சையில் முதற் கேள்வியுடனேயே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தொடங்குகின்றது.

சான்று கூறுவோராக இருவரின் பெயர்களை எழுதுமுன் அவர்களிடம் அனுமதி பெறுதல் வேண்டும். ஓய்வுபெற்றுப் பத்தாண்டுகளான அதிபர், அழைப்பவரிடம் ‘அப்படியொரு பிள்ளையை எனக்கு நினைவில்லையே’ என்று கூறினால் அவரைக் கோபித்துப் பயனில்லை. தொலைபேசி இலக்கத்தை மாற்றிய பின்னரும் பழைய கோவையையே அனுப்பிக்கொண்டிருப்போரும் உள்ளனர். அனுப்பிய கோவையின் பிரதி ஒன்றைத் திகதியுடன் வைத்திருந்து, நேர்முகப் பரீட்சைக்கு முதல் நாள் இரவு ஒருமுறை வாசித்துச் செல்லுங்கள். மறுநாள் மேசையின் மறுபுறத்தில் இருப்பவரின் கையில் இருக்கப்போவது அந்தக் காகிதம்தான்.